நம்ப முடியாத காட்சி

டிவியில் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விமர்சகர் மடிக்கணினியைத் திறந்தார்.

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு 'அரை நட்சத்திரம்' என்று பட்டப்பெயர். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், கடைசியில் அரை நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் விடுவார்.

இந்தப் படத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரு கொலை, தூக்கம் கெட்ட இன்ஸ்பெக்டர், சந்தேகப்பட ஐந்து பேர். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

விறுவிறுவென்று தட்டினார்.

'புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்கள். தியேட்டருக்கு அலைய வேண்டாம்; விடுமுறை நாள் மதியத்தில் வீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம்.'

இனி ஒரு குறை வேண்டும். அதுவும் கைவசம் இருந்தது.

படத்தில் கொலையாகும் பெண், அதற்குச் சற்று முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருக்கும் கணவனும் மனைவியும் கதவிலுள்ள லென்ஸ் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் நகரும்வரை மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள்.

'இந்தக் காட்சியை மட்டும் நம்பவே முடியவில்லை. வாசலில் ஓர் உயிர் தவிக்கும்போது யார் இப்படி நிற்பார்கள்? கதையை நகர்த்துவதற்காக இயக்குநர் மனிதர்களைக் கல்லாக்கிவிட்டார்.'

ஒருமுறை படித்துப் பார்த்தார். கடைசி வாக்கியம் நன்றாக விழுந்திருந்தது.

எதை எழுதினாலும் முதலில் மனைவியிடம் காட்டுவார். முப்பது வருடமாக அவருடைய ஒற்றுப்பிழைகளைத் திருத்துபவள் அவள்தான். படத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். பத்தாவது நிமிடத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துச் சொல்லி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்பவள், இன்று வாயே திறக்கவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு இடங்களில் 'க்' சேர்த்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் விரல் நின்றது.

"இந்தப் பத்திய எடுத்துடுங்க."

"ஏன்? அது ஒண்ணுதான் நறுக்குன்னு வந்திருக்கு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு எதிர்வீட்டு டீச்சர் வந்து தட்டினப்போ ரிமோட் உங்க கையிலதான் இருந்துச்சு. லென்ஸ் வழியாப் பார்த்தது நான்."

மூன்று வருடங்களாக இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் போலீஸ் வந்து விசாரித்தபோது, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னவர் அவர். ஆமாம் என்று தலையாட்டியவள் அவள். எதிர்வீட்டு டீச்சர் படியில் கால் தவறி விழுந்து இறந்துபோனதாக முடிவானது. டீச்சரின் கணவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். அவளுடைய அண்ணன் மட்டும் அதை நம்பாமல், ஒரே ஒரு சாட்சி கிடைக்காதா என்று இன்னமும் அலைந்துகொண்டிருந்தார்.

விமர்சகர் அந்தப் பத்தியை அழித்தார். அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்து முகம் கழுவினாள். தலையை வாரிக்கொண்டு செருப்பை மாட்டினாள். டீச்சருடைய அண்ணனின் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. வாங்க என்று அவளும் கூப்பிடவில்லை.

படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. முதல் திருப்பத்தில் அது நின்றது. மறுபடி தொடங்கவில்லை.

அவர் எழுந்து சட்டையைத் தேடினார்.