ஆன்டெனாவுக்கு வேப்பிலை

குறைந்த செலவில் இன்டர்நெட் தர, பள்ளிக்கூட மொட்டைமாடியில் வைத்த வைஃபை ஆன்டெனாவுக்கு ஊர்ப் பெண்கள் நன்றியோடு ஈர வேப்பிலையை அடர்த்தியாகக் கட்டிவிட்டார்கள். இலை மறைத்ததில் சிக்னல் நின்றுபோனது. பூங்கோதை குழந்தையோடு தவித்தாள். மஸ்கட்டில் வேலை செய்யும் கணவன் மகளை இன்னும் பார்த்ததில்லை; அவனுடைய சாப்பாட்டு இடைவேளை முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"அக்கா, இதென்ன அம்மனா?" என்றாள் ஆன்டெனாவைப் பொருத்திய மெர்சி.

"உனக்கும் மாலை வச்சிருந்தோம். நீதான் இத மாட்டுன அன்னிக்கே ஓடிட்ட" என்றாள் பூங்கோதை.

மெர்சி சிரித்துக்கொண்டே வேப்பிலையை அவிழ்த்துக் கம்பத்தின் அடியில் கட்டினாள். பூங்கோதையின் கைபேசியில் கணவன் முகம் தெளிந்தது.

"பேசுங்க மச்சான்."

அவன் திரைக்கு அருகே குனிந்து மகளைப் பார்த்தான். குழந்தை கொட்டாவி விட்டது. அங்கே அவனும் விட்டான்.