இரண்டாம் வரி

குழுவில் அவளைக் ‘கச்சேரியக்கா’ என்றே அழைத்தார்கள்.

எந்த ஒத்திகைக்கும் எல்லோருக்கும் முன்னதாக வந்துவிடுவாள். பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி இரண்டு வாய் பருகுவாள். மைக்குக்கு நேராக நிற்காமல் சற்றே இடப்புறம் ஒதுங்கி நிற்பாள். பாட ஆரம்பித்தால் வலக்கை அவளைக் கேளாமலே தொடையில் தாளம் போடும்.

அந்தக் கையைக் கண்டால் ட்ரம்ஸ் வாசிப்பவனுக்குச் சிரிப்புத் தாங்காது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள் அக்கா என்று கும்பிடுவான். அவளும் சிரித்துக்கொண்டே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அடுத்த வரிக்குள் வலக்கை நழுவித் தொடைக்கு வந்துவிடும்.

சாஸ்திரிய சங்கீதத்திலேயே ஊறி வளர்ந்தவள் ஜாஸ் பாடப் போனது உறவினர் வாய்க்கு அவலாயிற்று. உட்கார்ந்து பாடியவள் நின்று பாடுகிறாள், இனி ஓடிக்கொண்டே பாட வேண்டியதுதான் பாக்கி என்றார் மாமா ஒருவர்.

அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

புதிய பாட்டு அவளுக்கு எளிதில் வசப்படவுமில்லை. தாளத்தில் மயிரிழை பிசகாமல் வந்து விழப் பழகிய குரலை, வேண்டுமென்றே அரை மூச்சுத் தாமதிக்கச் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கற்காமலே கைவந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வரியைப் பாடுவாள். அடுத்த வரியைப் பாடாமல் விட்டுவிடுவாள்.

சொல் மறந்துவிட்டதோ என்று முதலில் எல்லோரும் பதறினார்கள். பியானோக்காரர்தான், இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொள்ளத் தமக்குப் பாதி ஆயுள் தேவைப்பட்டது என்று வியந்தார். குழு இரவுதோறும் வாசிக்கும் உணவகத்துக்கு வருபவர்கள் அந்த இடைவெளியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த மௌனந்தான்.

இன்று பிற்பகல் ஒத்திகை. நாற்காலிகள் மேசைகளின்மேல் தலைகீழாகக் கிடந்தன. உள்ளே யாரோ தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாக்ஸபோன் வாசிக்கப் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான்.

அவள் முதல் வரியைப் பாடி நிறுத்தினாள்.

அந்த மௌனத்துக்குள் சாக்ஸபோன் மெல்ல நுழைந்தது. பாடாமல் விட்ட வரியின் மெட்டை, ஒரு சுரங்கூடச் சிந்தாமல், வாசித்து முடித்தது.

அவள் மேலே பாடவில்லை.

பியானோக்காரருக்கோ மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் பெரிய அரங்கம். இங்கே செல்லுபடியாகிற மௌனம் அங்கே செல்லாது. மைக் கெட்டுவிட்டதென்று சனங்கள் கூச்சல் போடுவார்கள். ஆகையால் இனி எல்லாப் பாட்டிலும் இவனே அந்த இடத்தை நிரப்பட்டும் என்றார்.

புதியவன் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினான்.

“நல்லா இல்லையாக்கா? வேற மாதிரி வாசிக்கட்டுமா?”

நன்றாகத்தான் இருந்தது. முன்பொரு முறையும் இப்படித்தான் நன்றாக இருந்தது.

சிறு வயது முதல் அவளும் அவள் தங்கையும் சோடியாகப் பாடியவர்கள். அக்காள் ஒரு வரி, தங்கை ஒரு வரி. காய்ச்சலென்று படுத்த தங்கை எழுந்திருக்கவே இல்லை.

அதன்பின் முதன்முறையாகத் தனியே மேடை ஏறிய அன்று, முதல் வரியைப் பாடிவிட்டு, பழக்கத்தினால் நிறுத்தி, வலப்புறம் திரும்பினாள்.

அங்கே யாருமில்லை.

முன்வரிசையில் ஓர் அம்மாள் தங்கையின் வரியை முணுமுணுத்தாள். பின்னர் இன்னொருவர். பின்னர் அரங்கம் முழுவதும் அதைப் பாடியது. அன்பினால், கண்ணீரோடு, சுருதி பிசகாமல்.

அவள் பாதியில் எழுந்து போனாள். அந்த வரியை அறிந்தவர் ஒருவரும் இல்லாத சபையைத் தேடித்தான் ஜாஸுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே இந்த அறையில் யாருக்கும் தெரியாது.

பியானோக்காரர் விரல்களைக் கட்டைகளின்மேல் வைத்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

“நல்லா வாசிக்கிறீங்க தம்பி. ஆனா வேண்டாம்,” என்றாள் அவள். “இனிமே அந்த வரியையும் நானே பாடிடறேன்.”