இரண்டாவது பிரஷ்

"பாத்ரூம்ல ரெண்டு பிரஷ் இருந்தா வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்கன்னு அர்த்தம், மேடம். இருபது வருஷ சர்வீஸ்ல இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்ல," என்றார் ஆய்வு அதிகாரி.

வேனில் எதிரே உட்கார்ந்திருந்த தலைவிக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. சட்டமன்றத்தின் வீட்டுவசதிக் குழுவுக்கு அவர்தான் தலைவி. குழுவைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது பதினான்காம் விதி. கணவனை இழந்த பெண்ணுக்கு அரசு குறைந்த வாடகையில் வீடும், மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறது. அந்த வீட்டில் ஓர் ஆண் தங்குவதாகத் தெரிந்தால் இரண்டும் ரத்து. விதி இருக்கட்டும் என்று மூன்று உறுப்பினர்கள், ஒழியட்டும் என்று மூன்று உறுப்பினர்கள். பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவி எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் முடிவு. அதற்குள் இந்த ஆய்வை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. மனைவி போய் எட்டு வருடம், பிள்ளைகுட்டி கிடையாது, வேலையே கதி என்று இருப்பவர். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே ஆளின் உயரம் எடை சொல்லிவிடுவார். குடியிருப்புப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பிரஷ் ஆபீசர்'.

வேன் நின்றதும் வீடுகளின் பட்டியலை அவரிடம் நீட்டினார் தலைவி.

"நீங்களே பாருங்க மேடம். கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். அது இல்லாட்டி எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிதான் தெரியும்."

தலைவி கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் விரலை வைத்தார். குழுவின் நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ள வந்திருந்த சுருக்கெழுத்துக்காரப் பெண் எட்டிப் பார்த்துப் படித்தாள். நாலாவது மாடி, பதினோராம் எண், தையல்காரம்மா.

அதிகாரிக்கு இருமல் வந்தது. லிஃப்ட் ஓடவில்லை, படியெல்லாம் செங்குத்து, கீழ்த்தளத்திலேயே பார்க்க நல்ல வீடுகள் இருக்கின்றன என்று அடுக்கினார். முன்கூட்டியே சொல்லிவைத்த வீட்டைக் காட்டப் பார்க்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்ட தலைவி விடுவிடுவென்று படியேறினார். லிஃப்ட் ஓடவில்லை என்றதுமே மற்ற உறுப்பினர்கள் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்த தையல்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. அதிகாரியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தலைவிக்குப் பாவமாக இருந்தது.

வாசலிலேயே ஒன்பதாம் நம்பர் ஆண் செருப்பு கிடந்தது.

"தனியா இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போட்டு வச்சிருக்கேம்மா. திருடன் பார்த்தா அப்படியே திரும்பிடுவான்ல," என்றாள் தையல்காரம்மா.

"நியாயம்தானே மேடம்," என்றார் அதிகாரி. தலைவி அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

குளியலறையில் பிரஷ் இரண்டு இருந்தன. இரண்டாவது, தையல் மெஷினுக்குள் சேரும் பஞ்சைத் தட்டுவதற்காம். பஞ்சு தட்டும் பிரஷ் ஏன் ஈரமாக இருக்கிறது என்று தலைவி கேட்டார். இப்போதுதான் கழுவினாளாம். ரேசர், தையல் பிரிப்பதற்காம். பக்கத்தில் இருந்த ஷேவிங் கிரீமை எடுத்துக் காட்டியபோதுதான் பாவம், தையல்காரம்மா திணறிவிட்டாள்.

"காலர் அழுக்குக்குப் போட்டா பளிச்சுனு போகும் மேடம்," என்றார் அதிகாரி அவசரமாக.

தலைவிக்கு வயிற்றுக்குள் சிரிப்பு குமிழியிட்டது. ஆபீசில் புலியாக உறுமுகிறவர், ஒரு பெண் திணறியதும் பூனையாகிவிட்டாரே. கூடவே கவலையும் வந்தது. பக்கத்தில் ஒருத்தி விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதினது எழுதினதுதான். விதி நிலைத்துவிட்டால் அடுத்த மாதம் இந்த அம்மாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

மெஷின் மேல் தடித்த கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி ஒன்றும் கிடந்தது. தன்னுடையதுதான், ஊசி கோக்க வேண்டுமே என்று சொல்லி, தையல்காரம்மா அதைப் போட்டுக்கொண்டு கோத்தும் காட்டினாள். நூல் ஊசியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி சார், முடிச்சுடலாம்," என்று விதிப் புத்தகத்தை அதிகாரியிடம் நீட்டினார் தலைவி. "பதினாலாம் விதி என்னதான் சொல்லுதுன்னு ஒரு தடவை வாசிங்க. இந்த வீட்டுக்கு அது பொருந்துமான்னு பார்த்துடுவோம்."

விதி என்றதும் அதிகாரியின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு கையால் புத்தகத்தை வாங்கினார். இன்னொரு கை மேஜைப் பக்கம் போய்வந்தது. பொடி எழுத்தில் இருந்த நான்கு வரியை மளமளவென்று, ஓர் இடத்திலும் தடுக்காமல் வாசித்தார்.

"...மேற்படி வீட்டில் எந்த ஆணும் வழக்கமாகத் தங்கி..."

அங்கே நின்றுவிட்டார். மூக்கின் மேல் அந்தக் கறுப்பு ஃபிரேம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, கழட்டுங்களேன்," என்று தையல்காரம்மா பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள்.

சுருக்கெழுத்துக்காரப் பெண்ணின் பேனா அந்தரத்தில் நின்றது. தலைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் திரும்பினார்.

"என் ஓட்டு இந்த விதியை ரத்து பண்றதுக்குத்தான்னு எழுதிக்கோம்மா. மத்ததெல்லாம் அடிச்சுடு." அதிகாரியின் கையிலிருந்து விதிப் புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டார். "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்னு சொன்னீங்களே சார். நல்லவேளை, நேரா வீட்டுக்கே வந்துட்டோம்."