தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை

மாலை வகுப்புக்காக நானும் சபிஹாவும் ஒரு தீவின் மாதிரி செய்திருந்தோம். பகலில் சோலார் மோட்டார் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும். பொழுது சாய்ந்ததும் அந்தத் தண்ணீர் இறங்கிச் சக்கரத்தைச் சுழற்ற, அட்டை வீடுகளில் விளக்கு எரியும். பேட்டரி கிடையாது.

சபிஹாவின் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஒரு தீவில். புயலில் அங்கே மின்சாரம் போய்விட்டது. மூச்சுத் திணறும் அவள் குழந்தைக்கு நெபுலைசர் வைக்க முடியவில்லை என்று காலையில் போன் வந்திருந்தது.

இன்று மாலை வகுப்பில் எல்லோர் முன்னும் குழாயைத் திறந்தோம். கடைசி வீட்டிலும் விளக்கு எரிந்தது. அதற்கு நான் ஒயர் இழுக்க மறந்திருந்தேன். என் மீதே எனக்குச் சந்தேகம். வீட்டைப் பிய்த்துத் தூக்கிப் பார்த்தேன். கையில் இருந்தபோதும் விளக்கு எரிந்தது.

"அது அக்கா வீடுன்னு நான் ஒட்டுனதுடி" என்றாள் சபிஹா.

அவள் போன் அடித்தது. அக்காதான். ஸ்பீக்கரில் போட்டாள். "ஊரே இருட்டா கெடக்கு. எங்க வீட்டுல மட்டும் கரண்டு வந்துருக்கு. மிஷின் ஓடுது. புள்ளைக்கு இப்பத்தான் மூச்சு சீராகுது."

தொட்டியில் தண்ணீர் அடியைத் தொட்டிருந்தது.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? வாளிய எடு!" என்று கத்தினாள் சபிஹா.

நான் இரண்டாவது வாளியோடு ஏறும்போது, மொத்த வகுப்பும் மாடிப்படியில் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தது.