மணல் தூவிய முகம்

“படம் பளிச்னு இருக்கக் கூடாதுக்கா. புள்ளி புள்ளியா, மணல் தூவின மாதிரி இருக்கணும். கறுப்பு வெள்ளையில.”

ஸ்டூடியோக்காரம்மாள் தன் காதையே நம்பவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படிக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. மரு, கருவளையம், எண்ணெய் வழிசல் என்று எதையாவது துடைத்துத் தரச் சொல்லித்தான் வருவார்கள்.

“புதுசா வாங்கின கேமராம்மா இது. கன்னத்துல இருக்கிற பூனைமுடியைக்கூட எண்ணிடலாம். இதுல போய் மணலைத் தூவச் சொல்றீங்களே, என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கா?”

வந்தவள் சிரித்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த முகம், பெரிய கண்கள். பக்கத்தில் நின்ற கணவன் அவளைவிடப் பலமாகச் சிரித்தான்.

“சுவர்ல மாட்டறதுக்குக்கா. ரொம்ப வருஷமா அங்கேயே தொங்கற பழைய படம்னு தோணணும்,” என்றாள் அவள்.

“எப்ப வேணும்?”

“வியாழக்கிழமைக்குள்ள. அதுக்கப்புறம் கிடைச்சுப் பிரயோஜனமில்ல.”

ஸ்டூடியோக்காரம்மாளுக்கு ஏதோ உறைத்தது. காலையில் யாரோ ஓர் ஆள் போன் செய்து, ‘ஒரு அம்மா வருவாங்க. அவங்க கேக்கற மாதிரி எடுத்துக் குடுங்க. நாள் அதிகமில்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருந்தார். அப்போது அது பெரிதாகப் படவில்லை. இப்போது அந்த மெலிந்த முகத்தைப் பார்த்ததும், ‘நாள் அதிகமில்ல’ என்றது வேறு மாதிரி கேட்டது.

“யாரு பார்க்கறதுக்கும்மா இந்தப் படம்?” என்று மெல்லக் கேட்டாள்.

“பையன்தான். ஒரே பையன். இனிமே அவனுக்கு எல்லாமே இதுதான். வேலை கிடைச்சாலும் இது முன்னாடி வந்து நின்னுதான் சொல்லுவான். அடிபட்டு வந்தாலும் இது முன்னாடிதான் அழுவான். எனக்குப் பேச்சு கிடையாது, நடமாட்டம் கிடையாது. இந்தப் படம் ஒண்ணுதான்க்கா நான்.”

சொன்னவள் குரலில் துளி வருத்தம் இல்லை. கணவனோ மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

“இவ இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லக்கா,” என்றான். “மூணு நாளா வீட்ல யாருக்கும் தூக்கமில்ல.”

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று ஸ்டூடியோக்காரம்மாள் பல்லைக் கடித்தாள். புதுக் கேமராவை உறைக்குள் போட்டாள். பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த ஃபிலிம் கேமராவை இறக்கினாள்.

“புள்ளியைக் கம்ப்யூட்டர்லயும் தூவலாம்மா. ஆனா மூஞ்சி மேல தூசி படிஞ்ச மாதிரி இருக்கும். ஃபிலிம்ல எடுத்தா, புள்ளி முகத்துக்குள்ளேருந்து வரும். உங்களுக்கு அதுதான் சரி.”

இரண்டு விளக்குகளையும் அணைத்தாள். ஜன்னல் திரையைப் பாதி விலக்கி, ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி அவளை உட்காரவைத்தாள்.

“கண்ணுல கொஞ்சம் தண்ணி வரட்டுமாக்கா?”

“வேணாம்மா.”

“சிரிக்கவா?”

“அதுவும் வேணாம். பையன் வெளியே நின்னு கதவுல சாவி போடற சத்தம் கேக்குதுன்னு வெச்சுக்கோங்க. இன்னும் உள்ளே வரல.”

அவள் முகம் மாறியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு கிளம்பி, கிளம்பியது தெரியாமல் அங்கேயே நின்றது. ஸ்டூடியோக்காரம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் குறிவைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

ஃபிலிமைக் கழுவும்போது வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மருந்தில் ஊறவிட்டாள். அப்படி விட்டால்தான் புள்ளி பருக்கும். புதன்கிழமை மத்தியானம், இருட்டறையின் சிவப்பு விளக்கில், தட்டில் மிதந்த தாளிலிருந்து முகம் மெல்ல எழும்பி வந்தது. நிழல் பக்கக் கன்னம், கழுத்து, பின்னாலிருந்த சுவர் எல்லாம் ஒரே மணலாகக் கலந்திருந்தன. கண் இரண்டு மட்டும் தெளிவு. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே முகம் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

இத்தனை வருடமாகத் துடைத்துத் துடைத்து எத்தனை முகங்களைப் பீங்கான் தட்டாக்கி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். மனம் கனத்தது. ஆனாலும், ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்ட நிறைவு கையில் இருந்தது. என்னவோ தோன்றி, உள்ளங்கையளவில் இன்னொரு பிரதியும் போட்டாள்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். பெரிய படத்தைக் கையில் வாங்கியவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த அம்மாவைப் பார்த்தா எனக்கே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசணும் போலிருக்குக்கா.”

ஸ்டூடியோக்காரம்மாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சின்னப் படத்தை அவள் கைக்குள் வைத்து மூடினாள்.

“சுவர்ல இருக்கறதைப் போற இடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாதில்ல. இதை உங்க பையன் பர்ஸுல வெச்சுக்கட்டும்மா.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பையனா? எங்களுக்கு ரெண்டும் பொண்ணுங்கக்கா,” என்றான் அவன்.

“ஆனா இந்தப் பர்ஸு யோசனை பிரமாதம், டைரக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்,” என்று துள்ளினாள் அவள். “பதினாலு வருஷமா சான்ஸ் கேட்டு அலைஞ்சு, இப்பத்தான்க்கா சினிமாவுல முதல் வேஷம் கிடைச்சிருக்கு. ஹீரோவோட செத்துப்போன அம்மா!”