பிஸ்கட் கம்பெனி லோடு

“இங்கே முதலாளி யாரு?”

பசை வாளியோடு குறுக்கே வந்த பெண் நிற்காமலே முகவாயால் உள்ளறையைக் காட்டிவிட்டுப் போனாள்.

பெரிய கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். சுழல்நாற்காலியில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று இருந்தது மனைவியின் பெயர்.

இனி அட்டைப்பெட்டிகளைப் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களிடமே வாங்குவதென்று கம்பெனி முடிவு செய்திருந்தது. தேறினால் வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால், வெளியே பசை தடவிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

“உட்காருங்க மேடம்,” என்றார் நாற்காலிக்காரர். “எதுவா இருந்தாலும் என்னையே கேளுங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

மனைவி சிரித்தாள்.

ஆய்வு அம்மாள் அவளிடமே கேட்டார். “விலை யார் முடிவு பண்றது?”

“அவரைக் கேட்டுக்கிட்டுத்தான்.”

“ஆள் எடுக்கிறது?”

“அவர்தான்.”

“நான்தான் சொன்னேனே,” என்றார் கணவர். “நம்ம பெரிய வாடிக்கை பிஸ்கட் கம்பெனி. ஒரு நாள் லோடு தவறினதில்லை.” வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “டிரைவர், லோடு என்னாச்சு?”

“கிளம்பிட்டேன் முதலாளி.”

வண்டி உறுமிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“பிஸ்கட் கம்பெனியை விண்ணப்பத்துல எழுதலையே?”

“விட்டுப்போச்சுங்க,” என்றாள் மனைவி.

பெயர் மனைவியுடையது, பேச்சு கணவனுடையது. ஆய்வு அம்மாள் பார்க்காததில்லை. ஆனாலும் அவள் கைவிரல்களில் காய்ந்திருந்த பசையைப் பார்த்ததும் ஒரு வாய்ப்புக் கொடுக்கத் தோன்றியது.

“கடைசியா ஒண்ணு. இந்தத் தொழிலை நடத்துறது யாரு? ‘நான்தான்’னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“அவர்தான் மேடம்.”

ஆய்வு அம்மாள் எழுந்துவிட்டார். மனைவி வாசல்வரை கூடவே வந்தாள்.

“ஒரு டீயாவது சாப்பிட்டுட்டு…”

“வேண்டாம்மா. பினாமி டீ எனக்கு ஒத்துக்காது.”

காரைப் பின்தெருவில் நிறுத்தியிருந்தார். முனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. சற்றுமுன் முன்வாசலில் கிளம்பிப்போன அதே வண்டி. டிரைவர் அதிலிருந்து பெட்டிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பின்வாசல் வழியே உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இது வேறயா? எனக்குப் படம் காட்டவா வண்டியைச் சுத்தவிட்டீங்க?”

“உங்களுக்காங்க?” டிரைவர் தோளிலிருந்த கட்டை இறக்காமலே சொன்னார். “இந்தப் படம் தினமும் ஓடுது.”

“என்னது?”

“பிஸ்கட் கம்பெனியை மூடி வருஷக்கணக்காச்சுங்க. அதை நம்பித்தான் முதலாளி பெரிசா தொழில் பண்ணிட்டிருந்தாரு. மூடின அன்னைக்குப் படுத்தவரு. எழுந்தப்போ பாதி நினைப்பு திரும்பலை. கம்பெனி மூடின ஞாபகமும் அந்தப் பாதியோடதான் போச்சு.”

“அப்போ இந்த இடம்?”

“இது அக்கா பின்னால ஆரம்பிச்சது. அவருக்கு நாற்காலி போட்டதும் அக்காதான். லோடு கிளம்பினாத்தான் மனுஷன் அன்னைக்குச் சாப்பிடுவாரு.”

“தினமும் இதே கட்டா?”

“இதேதான். ஆனா மூலை மழுங்கியிருந்தா விட மாட்டாரு. தரம் போச்சுன்னு எனக்கு நாள் பூரா அர்ச்சனை.”

பேச்சுச் சத்தம் கேட்டு மனைவி பின்வாசலுக்கு வந்தாள். ஆய்வு அம்மாளைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் அவசரமாக அடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“உங்களுக்கு இந்த ஆர்டர் வேணுமா, வேண்டாமா?”

“வேணும்தான் மேடம்.”

“அப்போ உள்ளேயே சொல்லியிருக்கலாமே?”

“அவரை உட்கார வச்சுக்கிட்டு எப்படிங்க சொல்றது?” விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். “நீங்க இல்லேன்னா நான் வேற கம்பெனி தேடிக்குவேன். அவருக்கு இருக்கிறது இந்த ஒரு கம்பெனிதானே.”

ஆய்வு அம்மாள் பையைத் திறந்து காகிதங்களை எடுத்து வண்டியின் பலகைமேல் பரப்பினார்.

“முதல்லேருந்து வரலாம். விலை யார் முடிவு பண்றது?”

“உள்ளே போய்ப் பேசலாமே மேடம். வெயில்.”

“இங்கேயே இருக்கட்டும். உள்ளே முதலாளி வேலையா இருக்காரு.”

மனைவி ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“நான்தான்,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

அடுத்தடுத்த கேள்விகளுக்கும் அதே பதில்தான். நடுவில் டீ வந்தது. ஆய்வு அம்மாள் மறுக்கவில்லை.

காகிதங்களைப் பையில் வைக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, லோடு போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டியா?”

“சேர்ந்துடுச்சுங்க. இப்பத்தான் சொன்னாங்க,” என்று பதில் கொடுத்துக்கொண்டே மனைவி உள்ளே ஓடினாள்.

வண்டியில் கடைசிக் கட்டு ஒன்று மிச்சமிருந்தது. ஆய்வு அம்மாள் அதை இழுத்துத் தூக்கிக்கொண்டார். மழுங்கியிருந்த ஒரு மூலையை விரலால் நீவி நேராக்கிவிட்டு, நாளைய லோடுக்காக அடுக்கியிருந்த கட்டுகளின் மேல் வைத்தார்.