மூன்றாவது கோல்கீப்பர்

கதிரேசனுக்கு நடந்தது அநியாயம். பச்சை அநியாயம்.

கொல்கத்தாவின் பெரிய கால்பந்து கிளப் ஒன்று, கோல்கீப்பராக வா என்று மூன்று வருட ஒப்பந்தத்தை நீட்டுகிறது. அவனுடைய ஏஜெண்டோ அதைத் தட்டிக் கழித்துவிட்டு, கேரளாவில் பேர் தெரியாத ஒரு கிளப்புக்கு அவனை அனுப்புகிறாள். ஏன்டா என்று கேட்டால், "மேடம் சொல்லிட்டாங்க" என்று தலையைச் சொறிகிறான்.

அவன் சொறியலாம். அவன் தங்கை அன்புச்செல்விக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. அவளோடு வாதாடி ஜெயித்தவர் என்று பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இதுவரை ஒருத்தரும் இல்லை.

நான்கு பக்கப் புகாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு அபிராமபுரத்தில் ஏஜெண்ட் ஜஹீதாவின் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். வீரர்கள் கிளப் மாறுவதற்கான கெடு, அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

"நீதானே அன்பு? உக்காரும்மா. டீ சொல்லட்டா?"

"டீ வேணாம் மேடம். பதில் வேணும். கொல்கத்தா ஏன் வேணாம்?"

ஜஹீதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"அங்க ஏற்கெனவே ரெண்டு கோல்கீப்பர் இருக்காங்க. இவன் மூணாவது. மூணு வருஷமும் பெஞ்சுல உக்காந்து கைதட்டிட்டு வரணும். கேரளால மொத மேட்ச்லேர்ந்தே இவன்தான் கோல்ல நிப்பான்."

"மூணாவதுன்னா என்ன? ஒருத்தருக்கு அடிபட்டா ரெண்டாவது. இன்னொருத்தருக்கும் பட்டா மொதலாவது."

"அப்போ ரெண்டு பேருக்கும் கால் ஒடியணும்னு வேண்டிக்கச் சொல்றியா?"

"ஒரு வாதத்துக்குச் சொன்னேன்!" அன்புச்செல்விக்கு முகம் சிவந்தது. "எங்கப்பா மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிட்டாரு. தெருமுனையில ஃபிளெக்ஸ் வெச்சாச்சு. 'கொல்கத்தாவின் கோட்டைச் சுவரே'ன்னு."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"நல்லாதான் இருக்கு."

"பெங்காலி கத்துக்க புக்குகூட வாங்கிட்டேன் அவனுக்கு!"

ஜஹீதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்து அன்புச்செல்விக்கு இன்னும் எரிந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மேடம். ரெண்டு நாளா யோசிக்கறேன். பெரிய கிளப்புன்னா உங்களுக்கும் பெரிய கமிஷன். அதைப் போய் யாராவது வேணாம்பாங்களா? அப்போ கேரளாக்காரங்க தனியா ஏதோ குடுத்திருக்கணும்."

ஜஹீதாவின் சிரிப்பு போய்விட்டது. "வார்த்தையைப் பாத்துப் பேசும்மா."

"அப்போ உண்மையான காரணத்தைச் சொல்லுங்க."

"சொல்லிட்டேனே."

"அது உங்க அபிப்பிராயம். ஆடப்போறது அவன், வாழ்க்கை அவனோடது. முடிவெடுக்க நீங்க யாரு? உனக்கு என்ன வேணும்னு அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஜஹீதா வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

அது போதும் அன்புச்செல்விக்கு. பதில் இருக்கிறவர்கள் ஏன் வாயை மூடப்போகிறார்கள்? புகாரை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"கால்பந்து சம்மேளனத்துக்கு அனுப்பப்போறேன். எங்க அண்ணன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. உங்க லைசென்ஸ் போயிடும்."

"அவன் போடமாட்டான்."

"நான் காட்டற எடத்துல போடுவான்."

சொன்ன கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கொட்டிவாக்கம் பீச்சில் பயிற்சியில் இருந்த கதிரேசன், மூச்சு வாங்க எடுத்தான்.

"இன்னா அன்பு?"

"ண்ணா, மேடம் ஆபீஸ்லதான் கீறேன். கேரளாக்காரங்ககிட்ட துட்டு வாங்கிக்கினு உன்னைத் தள்ளி வுட்டுருக்காங்க. கேட்டா பதிலே காணோம். நேரா இங்க வந்து ஒரு கையெழுத்து போடு. இவங்க லைசென்ஸைப் புடுங்கிடலாம்."

அலைச் சத்தத்துக்கு நடுவே கதிரேசன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம் அங்கயா கீறாங்க?"

"கதிர், நீ போனை வை. நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜஹீதா அவசரமாக.

"பாத்தியா, எதிர்லயே மெரட்டறாங்க!"

"அன்பு, கொஞ்சம் வாயை மூடு."

அன்புச்செல்வி திகைத்துப் போனாள். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை.

"கொல்கத்தாவுக்குப் போன்னுதான் மேடம் சொன்னாங்க. மூணு நாளா என்னாண்ட மல்லுக்கட்னாங்க. நான்தான் முடியாதுன்னேன். எனக்கு கோல்ல நிக்கணும், பெஞ்சுல இல்ல. ஊட்ல யார்னா கேட்டா நீங்க சொன்னதா சொல்லிக்கிறேன், பழியை வாங்கிக்கோங்கன்னு கால்ல வுழாத கொறையா கேட்டேன். சிரிச்சுக்கினே சரின்னாங்க. அவங்களைப் போயி..."

அன்புச்செல்வி ஜஹீதாவைப் பார்த்தாள். ஜஹீதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகாரின் முதல் பக்கம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. அதை அழுத்திப் பிடிக்க அன்புச்செல்விக்குத் தோன்றவில்லை.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே ண்ணா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் இன்னா, உனக்கு எதிரியா?"

"எதிரியெல்லாம் இல்ல அன்பு. உன்னாண்ட சொல்லியிருந்தா, நீ பேசிப் பேசி ஜெயிச்சிருப்ப. நானும் கொல்கத்தா போயிருப்பேன்."